கூலன்ட் தேர்வுக் குழுவின் இறுதித் தீர்மானம்

"இந்த ஹைப்ரிட் காரை யாருக்காக வாங்கியிருக்கேன், சொல்லு?"

"யாருக்காகவாம்?"

"உனக்காகத்தான். ஞாயித்துக்கிழமை ஏறி உட்கார்ற, கடலைப் பார்க்கிறோம்."

மூன்று வருடத்துக்கு முந்தைய இந்தப் பேச்சு அவளுக்கு மட்டும்தான் நினைவிருந்தது. கணவருக்கு அதைவிட உயர்ந்த பொறுப்பு வந்துவிட்டது. நெருப்பைக் கண்டுபிடித்தவனை உலகமே கொண்டாடுகிறது. இஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்ட்டைத் தேர்ந்தெடுப்பவனை யார் கொண்டாடுகிறார்கள்? அந்த வரலாற்று அநீதியை அவர் தன்னந்தனியாகச் சுமந்தார்.

சாப்பாட்டு மேசையில் ‘கூலன்ட் தேர்வுக் குழு’ கூடும். தலைவர் அவர், செயலாளர் அவர், எதிர்த்து வாக்களிப்பவரும் அவரே. அவள் ‘சிறப்பு அழைப்பாளர்’. அதாவது டீ போடுபவள்.

"இஞ்சினுக்கு ஒரு தொட்டி, கரண்ட் மோட்டாரை ஓட்டுற இன்வெர்ட்டருக்குத் தனித் தொட்டி. ரெண்டுக்கும் ரோஸ் கலர்தானா?"

"வண்டியோட குடுத்த புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"ரோஸ்தான். ஆனா கலரை நம்பி முடிவெடுக்கக் கூடாது."

"வேற எதை நம்பி?"

"அதுக்குத்தான் அடுத்த கூட்டம்."

வண்டி சூடாகிவிடுமே என்று அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போனார். மாதம் ஒருமுறை மட்டும் பட்டறைக்கு ஓட்டிப்போய், கூலன்ட்டைக் கைக்குழந்தை மாதிரி காட்டிவிட்டு வந்தார். வந்து நிறுத்தியதும் அவள் மெல்ல ஆரம்பிப்பாள்.

"என்னங்க, ஒரு விஷயம்…"

"இரு இரு. சூடா இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது."

அவளும் வாயை மூடிக்கொள்வாள்.

கடைசியில் ‘இரண்டு தொட்டியிலும் மாற்றுவது’ என ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. சாட்சிக்குச் சிறப்பு அழைப்பாளரையும் பட்டறைக்கு அழைத்துப்போனார். வண்டி ஆறும்வரை காத்திருந்து மெக்கானிக் மூடியைத் திறந்தார்.

"எதுக்கு சார் மாத்தணும்? பளிங்கு மாதிரி இருக்கு. கம்பெனி ஊத்தினதே பத்து வருஷம் தாங்கும்."

"மூணு வருஷமாச்சேப்பா!"

மெக்கானிக் மீட்டரை எட்டிப் பார்த்தார். "நானூத்தி முப்பத்திச் சொச்சம் கிலோமீட்டர். உங்க வீட்டுலேருந்து இங்க வந்துபோக பன்னிரண்டு. மாசம் ஒரு தடவ, மூணு வருஷம். சார், இந்த வண்டி என்னைத் தவிர ஊர்ல எதையுமே பார்த்ததில்ல."

கணவர் கம்பீரமாகத் தொண்டையைச் செருமினார். "சரி, இதை அடுத்த கூட்டத்துல…"

"இஞ்சின் நல்லா ஆறிடுச்சாங்க?" அவள் மெக்கானிக்கைக் கேட்டாள்.

"ஆறிடுச்சும்மா."

"அப்ப நான் வாயைத் திறக்கலாம்." அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "என்னங்க, கூலன்ட்டைக்கூட மாசம் ஒரு தடவ வெளியே கூட்டிட்டு வர்றீங்க. என்னையும் கடலுக்குக் கூட்டிட்டுப் போங்க."