மூன்று கோடுகளை உரித்த ஞாயிற்றுக்கிழமை

படிக்காதவன் என்று என்னை யாரும் சொல்லிவிட முடியாது. மூன்றாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். அதிலும் இரண்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தேன். அந்தக் கணக்கில் அது நாலு வருஷப் படிப்பு. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று தெரிய வேண்டுமா? விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை எந்தப் பெரிய கட்டடத்திலாவது தரை பளபளவென்று இருந்தால் உள்ளே போய்க் கேளுங்கள். என் ஆட்கள் துடைத்ததாக இருக்கும். (இல்லாவிட்டால், என்னிடம் வேலை கற்றுக்கொண்டு ஓடிப்போனவர்கள் துடைத்ததாக இருக்கும்.)

இவ்வளவு பெரிய தொழிலில் நான் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். அதை நானாக வெளியில் சொன்னதில்லை. நான் சொல்லாமலே ஊருக்குத் தெரிந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

அதற்கு முன்னால் கோலியனூரில் என் மச்சான் ஏழுமலையின் வாடகைப் பாத்திரக் கடையில் இருந்தேன். மச்சான் என்றால் என் மனைவி அஞ்சலையின் அண்ணன். கல்யாணத்துக்குப் போய் வருகிற அண்டாவுக்குள் இறங்கி, அடிப்பிடித்த சாம்பாரைச் சுரண்டுவது என் உத்தியோகம். ஒரு நாள் ஈரக் கையோடு வெளியே ஏறி வந்து, "மச்சான், இனிமே அண்டா கழுவ மாட்டேன். சொந்தமா கிளீனிங் காண்ட்ராக்ட் எடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். கடையில் நாலு பேர் இருக்கும்போது சொன்னேன். (நாலு பேர் இல்லாவிட்டால் அதைச் சொல்லி என்ன பிரயோஜனம்?)

மச்சான் கல்லாவை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. "மூணு மாசம். அதுக்குள்ள நீயே வந்து அண்டாவுல எறங்கிடுவ மாப்ள. உனக்குன்னு ஒண்ண கழுவாம வெக்கிறேன்" என்றார்.

இரண்டரை மாதம் ஓடிப்போனது. கிடைத்ததெல்லாம் படிக்கட்டு, கக்கூஸ், ஒரு தண்ணீர்த் தொட்டி. கழுவாத அண்டா கனவில் வர ஆரம்பித்த நேரத்தில், திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெரிய கட்டடங்களில் தரைமேல் பாலிஷ் பூசுவார்கள். மங்கினால் அதன் மேலேயே இன்னொரு பூச்சு. இப்படியே வருஷக்கணக்கில் சேர்ந்து, தரை பழுத்த வாழைப்பழத் தோல் மாதிரி ஆகிவிடும். அதற்கு மேலும் புதுசு பூசுவது அழுக்குச் சட்டைக்கு இஸ்திரி போடுகிற வேலை. கெமிக்கல் ஊற்றி ஊறவைத்து, மெஷினைப் போட்டுத் தேய்த்து, பழசை அடி வரைக்கும் உரித்தெடுத்த பிறகுதான் புதுப் பூச்சு. உரிக்கிறதுதான் வித்தை. பூசுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

ஆஸ்பத்திரியை நடத்துகிற டாக்டரம்மா கண்டிப்பானவர். "பழைய பாலிஷ் சுத்தமா போயிடணும். பழசுன்னு ஒரு துளி என் கண்ணுல படக் கூடாது. திங்கக்கெழம காலையில எட்டு மணிக்கு பேஷண்ட் வந்துடுவாங்க. நல்லா இருந்தா வருஷம் முழுக்க நீங்கதான். இல்லன்னா..." என்று நிறுத்தினார். இல்லாவிட்டால் அண்டாதான் என்று எனக்குத் தெரியும்.

வெளியே வந்ததும் முதல் வேலையாக மச்சானுக்குப் போன் போட்டேன்.

"முட்டி வலிக்குதுன்னு சொல்லிக்கினே இருக்கீங்களே மச்சான், இங்க நல்ல எலும்பு டாக்டர் இருக்காரு. திங்கக்கெழம காலையில வாங்க. அப்படியே நம்ம வேலையையும் பாருங்க. தரையில உங்க மூஞ்சி தெரியும்!"

"என் மூஞ்சிய நான் அண்டாவுலயே பாத்துக்கினு இருக்கேன்" என்றார் மச்சான். ஆனால் வருகிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆஸ்பத்திரி வெளிநோயாளிகள் பிரிவு காலி. நானும் அஞ்சலையும் இறங்கினோம். புதுச்சேரியில் வாங்கிய தேய்க்கிற மெஷின் ஒன்று, அடியில் பிரஷ் வட்டமாகச் சுற்றும். கைப்பிடியை ஒரு நூல் தூக்கினால் வலப்பக்கம் ஓடும், தாழ்த்தினால் இடப்பக்கம் ஓடும். எனக்குத் தெரியாமலா? ஆனால் முதல் பத்து நிமிஷம் நான் அதை ஓட்டவில்லை. அதுதான் என்னை நடைவழி முழுக்க இழுத்துக்கொண்டு போய், மருந்துக் கவுண்டரில் ஒரு முட்டு முட்டி நின்றது.

அஞ்சலை பத்தாவது படித்தவள். கேனில் எழுதியிருந்ததைப் பார்த்து, "ஒரு பங்கு மருந்துக்கு நாலு பங்கு தண்ணி ஊத்தணுமாங்க" என்றாள்.

"அது புதுசா கத்துக்கறவங்களுக்கு" என்று பாதிக்குப் பாதி கலந்தேன்.

அடடா, அது வேலை செய்த அழகு இருக்கிறதே! ஊறவைத்துத் தேய்க்கத் தேய்க்க, பழைய பாலிஷ் கஞ்சி ஆடை மாதிரிச் சுருட்டிக்கொண்டு வந்தது. கீழே தரை பச்சைக்குழந்தை தோல் மாதிரி! எனக்குப் பாட்டு வந்துவிட்டது.

வரவேற்பு மேஜையிலிருந்து சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று பட்டைக் கோடுகள் ஒன்றாகக் கிளம்பி, உள்ளே போய் ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பின. புடவைக்குக் கரை போல தரைக்கும் கரை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். யாரோ பெயிண்டர் அதைப் பாலிஷுக்கு மேலே போட்டிருக்கிறான். பாலிஷ் கிளம்பியதும் கோடும் கூடவே கிளம்பிவிட்டது.

"பாத்தியா அஞ்சல! டிசைனே கழண்டுக்கினு வருது பாரு!"

"ஏங்க, அது இருக்கணுமோ இன்னாவோ. ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

"பழசு ஒரு துளி இருக்கக் கூடாதுன்னு அந்தம்மாவே சொல்லிட்டாங்க. தொழில் தெரிஞ்சவன் போன் போட்டுக் கேக்க மாட்டான்."

மூன்று கோடுகளையும் கடைசி இஞ்ச் வரை துரத்திப் பிடித்து உரித்தேன். கலங்கல் தண்ணீரை உறிஞ்சி, இரண்டு தடவை அலசி, புதுப் பூச்சும் பூசிக் காயவைத்தோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தத் தரையில் டியூப் லைட்டை எண்ணலாம்! நான் இடுப்பில் கை வைத்து நின்று, மச்சான் வந்ததும் எந்த இடத்தில் நிறுத்தி மூஞ்சியைக் காட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வரவேற்பு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த அஞ்சலை, அங்கே மாட்டியிருந்த போர்டை எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று படித்தாள்.

"'உங்கள் சீட்டில் எந்த நிறப் புள்ளி ஒட்டப்பட்டுள்ளதோ, அந்த நிறக் கோட்டின் வழியே செல்லவும்.'" பிறகு என்னைப் பார்த்தாள். "எந்தக் கோடுங்க?"

படிக்கத் தெரியாதவர்கள் தட்டுத் தடுமாறாமல் போக வேண்டும் என்று போட்ட கோடு. அதைத் தேடித் தேடி உரித்தவன் நான்!

வாசலில் நின்ற வாட்ச்மேனிடம் ஓடினேன். எந்தக் கோடு எந்த அறைக்குப் போகும் என்று கேட்டேன். "நான் வாசல்ல நிக்கிறவன். உள்ள இன்னா எங்க போவுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "டாக்டரம்மாவைக் கேளுங்க" என்றாள் அஞ்சலை. கேட்டால் தெரிந்துவிடுமே! கோலியனூர் அண்டா வாயைத் திறந்துகொண்டு எதிரில் வந்து நின்றது. பக்கத்து எலக்ட்ரிக் கடைக்கு ஓடி, வயரில் சுற்றுகிற டேப்பை மூன்று நிறத்திலும் வாங்கி வந்தேன்.

அஞ்சலை அறைப் பெயர்களைப் படித்தாள். இரத்தப் பரிசோதனை, கர்ப்பிணிகள் ஸ்கேன், எலும்பு டாக்டர்.

"பேரு படிச்சிட்டேன். கலரு அதுல எழுதல" என்றாள்.

"கலருக்கு எதுக்குப் படிப்பு? மூளை போதும்" என்றேன். இரத்தம் சிவப்பு, அதில் சந்தேகமே இல்லை. பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்றுதானே சொல்கிறோம்? ஸ்கேனுக்குப் பச்சை. விழுந்து அடிபட்டால் நீலம் பாரிக்கும், எலும்புக்கு நீலம். எவ்வளவு பொருத்தம்! இரண்டு பேரும் மண்டி போட்டு டேப்பை ஒட்டி முடித்தோம்.

மூன்றும் தப்பு. ஒன்றாவது சரியாக இருக்கக் கூடாதா?

திங்கட்கிழமை எட்டரை மணிக்குக் கூச்சல் ஆரம்பித்தது. வெறும் வயிற்றோடு சர்க்கரை பார்க்க வந்த வளவனூர்ப் பெரியவர், நீலப் புள்ளியோடு போய் எலும்பு டாக்டர் அறையில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தவர் கட்டுப் போடக் கையைப் பிடிக்க, "சக்கரைக்கு இன்னாத்துக்குய்யா மாவுக்கட்டு?" என்று அவர் கத்துவது வாசல் வரை கேட்டது. ஸ்கேனுக்கு வந்த பெண்கள் சிவப்புக் கோட்டைப் பிடித்துப் போய், ஊசிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மச்சான் எங்கே?

பச்சைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஸ்கேன் அறை வாசல் பெஞ்சில், வழி தெரிந்து தரையைப் பார்க்காமலே வந்து சேர்ந்த நாலு கர்ப்பிணிகளுக்கு நடுவில், வெள்ளை வேட்டி, முறுக்கு மீசை, நெற்றி நிறைய வியர்வையோடு மச்சான். காலோடு கால் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் காலி பாட்டில்.

"மாப்ள..." பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "உள்ளருந்தே ஒரு லிட்டர் தண்ணி குடிக்கச் சொன்னாங்க. ஒண்ணுக்குப் போவக் கூடாதாம், அடக்கிக்கணுமாம். அரை மணி நேரமாச்சி. முட்டிக்கு இது இன்னா வைத்தியம்டா?"

"அவங்களையே கேட்டிருக்கலாமே மச்சான்?"

"நம்மளப் பட்டிக்காட்டான்னு நெனச்சிட மாட்டாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே இருந்து நர்ஸம்மா, தலையைத் தூக்காமலே, பழக்க தோஷத்தில் கேட்டார்.

"அடுத்தது யாரு? எத்தினி மாசம்?"

"ரெண்டு மாசமா இருக்குதும்மா" என்று மச்சான் பணிவாகச் சொன்னார். "படி ஏறுனாத்தான் பேஜாரா இருக்குது."

பெஞ்சே குலுங்கியது. ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வெக்காதீங்க, என்னால அடக்க முடியல" என்று கெஞ்சினாள். மச்சானாலும் முடியவில்லை. முட்டி வலிக்காரர் அந்த நடைவழியில் ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

டாக்டரம்மா வந்தார். டேப்பைக் குனிந்து பார்த்தார். "இது இன்னா, வயர்மேன் போட்ட கோடா?" என்றார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "பெயிண்டர் வியாழக்கெழமதான் வருவாரு. அது வரைக்கும் நீங்கதான் கோடு" என்றார்.

நாலு நாள் நான் கோடாக இருந்தேன். புள்ளியைப் பார்ப்பதும், ஆளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் விடுவதும், திரும்ப ஓடிவருவதும்தான் வேலை. வியாழக்கிழமை சாயங்காலம் டாக்டரம்மா கூப்பிட்டார். நான் அண்டாவுக்குத் தயாராகித்தான் போனேன்.

"தரை நல்லாத்தான் இருக்குது. வருஷத்துக்கும் குடுக்கறேன். ஆனா உங்களுக்கு இல்ல. படிச்சிப் பாத்துட்டு வேலை செய்யறவங்களுக்கு" என்று சொல்லி, காகிதத்தை அஞ்சலை பக்கம் நகர்த்தினார்.

இன்றைக்கும் என் கம்பெனி லெட்டர்பேடில் உரிமையாளர் என்ற இடத்தில் இருப்பது அஞ்சலை பேர்தான். (நான் மேற்பார்வை.)

அந்தத் திங்கட்கிழமையே மச்சான் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "நீ கடைக்கு வர வேணாம் மாப்ள. நான் இனிமே அண்டாவப் பத்திப் பேசல. ஆனா இது கோலியனூருக்குத் தெரியக் கூடாது" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். ஆனால் அவர் தங்கச்சியிடம் சத்தியம் வாங்க மறந்துவிட்டார். அவர் பஸ் பிடித்து ஊர் போய்ச் சேருவதற்குள், போன் வழியாகச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும், மச்சான் பந்தியில் உட்கார்ந்ததும் அஞ்சலை தண்ணீர்ச் சொம்போடு போய் எதிரில் நிற்பாள். சின்னது பெரியது எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்கும்.

"எத்தினி மாசம்ணா?"

மச்சான் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, இடது கையை என் பக்கம் நீட்டுவார்.

"என்னை ஏன் தாயி கேக்கற? காரணமானவன் அதோ நிக்கிறான் பாரு, அவனைக் கேளு!"