பதினேழாவது காகிதம்

வீடு வாங்குகிற விஷயத்தில் இனிமேல் ஒரே ஒரு வாய்தான் பேசும், அது தன்னுடைய வாய்தான் என்று கிடங்கு மேற்பார்வையாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அறிவித்தார். அறிவிப்பைக் கேட்க வீட்டில் இருந்தது மனைவி மட்டும். மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மனைவி துவைத்த துணியை மடித்தபடியே, "சரிங்க" என்றாள்.

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் இப்படி உடனே "சரிங்க" சொன்னது அதற்கு முன் இரண்டே தடவை. இரண்டு தடவையும் கவிழ்ந்தது அவர்தான். இருந்தும் அவர் உஷாராகவில்லை. அவருடைய கிடங்கில் இறங்கும் சரக்கில் ஓர் ஆணி குறைந்தாலும் லாரி வாசலைத் தாண்டாது. என்னை ஏமாற்ற இன்னொருத்தன் பிறந்து வரணும் என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. ஒருத்தி ஏற்கெனவே பிறந்து, அவருக்கே வாழ்க்கைப்பட்டு, அவருடைய சட்டையையே மடித்துக்கொண்டிருந்தாள் என்பது அவர் கணக்கில் வரவில்லை.

பாங்க்கில் நேராகப் போய் நின்றால் அலைய விடுவார்கள், நடுவில் கடன் ஆலோசகர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று வேலை செய்யும் இடத்தில் சொன்னார்கள். முதல் ஆலோசகர் டை கட்டியிருந்தார். மாறும் வட்டி வேண்டுமா, மாறாத வட்டி வேண்டுமா என்று கேட்டார். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாததால் மேற்பார்வையாளர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "நல்ல வட்டியா குடுங்க" என்றார். டைக்காரர் சம்பளச் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் வருமானத்துக்குப் பெரிய வீடெல்லாம் கட்டுப்படியாகாது, பேசாமல் ஒரு சின்ன வீடு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவர் சொன்னது இரண்டு அறை வீட்டைத்தான் என்று விளங்கவைக்க மேற்பார்வையாளருக்குப் பேருந்து நிறுத்தம் வரை ஆயிற்று.

இரண்டாவது ஆலோசகர் எதற்கும் முடியாது என்றே சொல்லவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கித் தருகிறேன், இந்த எழுதாத படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போடுங்கள் என்றார். மேற்பார்வையாளர் பேனாவைத் திறந்தார். பக்கத்தில் ஓர் இருமல் கேட்டது. மனைவி பேசக்கூடாது என்றுதான் உத்தரவு, இருமக்கூடாது என்று இல்லை. அவர் பேனாவை மூடினார்.

அந்த வாரமே, மருந்துக்கடை மாடியில் ஒரு கடன் ஆலோசகர் பலகை பார்த்ததாக மனைவி போகிற போக்கில் சொன்னாள். இரண்டு நாள் கழித்து அந்த ஆலோசகரை மேற்பார்வையாளர் தாமே கண்டுபிடித்தார். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டார்.

மாடியில் ஒரு சின்ன அறை, இரண்டு நாற்காலி, சுவர் முழுக்கக் கோப்புகள். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. அதிகம் பேசவில்லை. வேண்டிய காகிதங்களின் பட்டியலை அச்செடுத்து நீட்டினார். மொத்தம் பதினேழு. மேற்பார்வையாளர் சரக்குச் சீட்டைச் சரிபார்ப்பதுபோல் விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினார். பதினாறு வரைக்கும் விரல் நிற்கவில்லை. பதினேழில் நின்றது. உடல்நலச் சான்றிதழ். எடை எண்பது கிலோவுக்குள் இருக்கவேண்டும். ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இருப்பதாக மருத்துவர் எழுதித் தரவேண்டும். கெடு மூன்று மாதம்.

அவர் எடை தொண்ணூற்றொன்று. கொதிப்பு மாத்திரை சட்டைப் பையில் இருக்கும், வாய்க்குத்தான் போகாது.

"இதெல்லாமா கேப்பாங்க?" என்றார்.

"பாங்க் கேக்கும் சார்" என்றார் அந்த அம்மா.

மருத்துவர் சொல்லி அவர் கேட்டதில்லை. மனைவி சொல்லிக் கேட்டதே இல்லை. பாங்க் என்றதும் ஆள் ஆடிப்போனார். மறுநாள் விடியும்போதே தெருவில் நடந்துகொண்டிருந்தார்.

நடந்தால் பசித்தது. பசித்தால் நான்கு மணிக்குப் பேக்கரி பக்கம் கால் தானாகத் திரும்பியது. இரண்டாவது வாரம், இது சரிப்படாது, ஆளைத்தான் சரிக்கட்டவேண்டும் என்று முடிவு செய்தார். ஒரு கிலோ இனிப்பு வாங்கிக்கொண்டு தனியாக மாடியேறி, எண்பதைத் தொண்ணூறாக்க முடியுமா என்று குழைந்தார். பார்க்கலாம் என்று அந்த அம்மா பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் மாலை அதே பெட்டி, கட்டிய நூல் கட்டியபடியே, அவர் வீட்டு அலமாரியின் மேல் உட்கார்ந்திருந்தது. எப்படி வந்தது என்று மனைவியிடம் கேட்க முடியவில்லை. கேட்டால், எப்படிப் போனது என்று சொல்லவேண்டும்.

அதற்குப் பிறகு வேறு வழி இல்லை. நடந்தார். மாத்திரையை விழுங்கினார். மனைவி வேகவைத்ததையெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றார். இடுப்பு வாரில் புதிதாக மூன்று ஓட்டை போடவேண்டி வந்தது. கிடங்கில் ஏணி ஏறினால் முன்போல் மூச்சு வாங்கவில்லை. குறட்டை நின்றுபோனது. சத்தம் இல்லாமல் போனதும் பயந்து, உயிர் இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்ததாக மனைவி ஒருநாள் காலையில் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்பு சரியாக வரவில்லை.

மூன்று மாதம் முடியும்போது எடை எழுபத்தொன்பதரை. மருத்துவர் இரண்டு தடவை நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தார்.

பாங்க்கில் கையெழுத்துப் போடும் நாள். ஆலோசகர் அம்மாவும் வந்திருந்தார். மேற்பார்வையாளர் பதினேழாவது காகிதத்தைக் கோப்பின் மேலாக, முதல் பரிசு வாங்கியவர்போல வைத்து நீட்டினார். அதிகாரி அதை எடுத்துப் படித்தார். திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்கு சார்?"

"பதினேழாவது."

"நாங்க கேக்கிறது பதினாறுதானே?"

ஆலோசகர் அம்மா கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடினார். மனைவி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். மேற்பார்வையாளர் ஒருத்தியைப் பார்த்தார், அப்புறம் இன்னொருத்தியைப் பார்த்தார். மாத்திரை வாங்க மாதாமாதம் மருந்துக்கடைக்குப் போனது யார் என்று அப்போதுதான் உறைத்தது. பெட்டி வீடு திரும்பிய வழியும் தெரிந்துபோயிற்று. ஓர் ஆணிக்கு லாரியை நிறுத்துகிறவர், ஒரு முழுக் காகிதம் அதிகமாக இருந்ததை மூன்று மாதம் சுமந்திருக்கிறார்.

"நேரா என்கிட்டயே சொல்லியிருக்கலாமே" என்றார். குரலில் கோபத்தைக் கொண்டுவரப் பார்த்தார். பாதிதான் வந்தது.

"பதினோரு வருஷமா நேராத்தான் சொன்னேன்" என்றாள் மனைவி. பிறகு குரலைத் தாழ்த்தி, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "இது இருபது வருஷத் தவணைங்க. பாதியில என்னைத் தனியா விட்டுட்டுப் போற எண்ணம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. எனக்கு வீடே வேண்டாம்" என்றாள்.

அவர் பேனாவைத் திறந்து, அதிகாரி காட்டிய தாளில் குனிந்து, ஒவ்வொரு பக்கத்திலும் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி தாளைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அத்தனையும் மனைவி கையெழுத்துப் போடவேண்டிய கட்டங்கள். புதிதாக அச்செடுத்துத்தான் ஆகவேண்டும்.

"எழுத்து சரியாத் தெரியலையா சார்?" என்றார் ஆலோசகர் அம்மா, மிகுந்த கவலையோடு. மனைவியும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கண்ணில் தண்ணீர் நின்றதால்தான் கட்டம் தெரியவில்லை என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆகவே மறுநாள் காலை பத்து மணிக்கு, கண் மருத்துவர் முன்னால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, சுவரில் இருந்த எழுத்துகளை வாசித்துக்கொண்டிருந்தார்.