மாமாவின் படத்துக்கு இரண்டு தீபங்கள்

உயிரோடு, அதுவும் நல்ல பசியோடு இருந்த ஒரு மனிதரை உலகம் முழுவதற்கும் இறந்தவராக்கிய பெருமை எனக்கு உண்டு. 1999 அக்டோபர், ஒரு வியாழக்கிழமை. (டைரியில் நேரம்கூட இருக்கிறது. வேண்டாம்.)

அப்போது கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. மிச்ச நேரமெல்லாம் காந்திபுரத்துப் பிரவுசிங் சென்டர். இலவசமாக இடம் தந்த ஒரு தளத்தில் எங்கள் சொந்தபந்தங்களுக்கென்று ஒரு பக்கம் கட்டினேன். யார் எந்த ஆண்டு பிறந்தார், எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள் எல்லாம் தேதிவாரியாக இருக்கும். வந்தவர்கள் நாலு வரி எழுதிப் போக ஒரு கெஸ்ட் புக். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்ட ஒரு எண்ணி. (பாதிக்கு மேல் நானேதான்.)

எல்லாம் கலாவுக்காக. தாராபுரம் மாமாவின் மகள். எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்து ஒன்றரை வருடம் ஆகியும் மாமா நாள் குறிக்கவில்லை. “அமெரிக்காவுல இருக்கற செந்திலு வரட்டும்” என்பார். அவர் மகன் செந்தில் ஐந்து வருடமாக வரவில்லை. காத்திருந்த நேரத்தில் மாமாவை மயக்கிவிடலாம் என்று முகப்பில் அவர் படத்தையே போட்டேன். மணிவிழாவில் எடுத்தது, கழுத்து நிறைய ரோஜா மாலை. இருபுறமும் வெறுமையாகத் தெரிந்ததால், இலவச அசையும் படங்களில் தேடி, எரிகிற தீபத்தைப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தேன். சுடர் நிற்காமல் ஆடியது. எனக்கே புல்லரித்தது.

கீழே ‘மணிவிழா கண்ட மாமா வாழ்க’ என்று தமிழில் எழுதினேன். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்களில் அது கொக்கியும் புள்ளியுமாகத்தான் தெரியும் என்பது எனக்கு உறைக்கவில்லை. வெளிநாட்டுச் சொந்தங்கள் எல்லோருக்கும் முகவரியை அனுப்பிவிட்டேன்.

கம்பெனி வேலையில் ஒரு வாரம் சென்டர் பக்கமே போகவில்லை. அதன்பின் மாமா, அத்தை, கலா மூவரையும் சென்டருக்கு அழைத்துப் போனேன். படம் மேலிருந்து வரிவரியாக இறங்கியது. நெற்றி, மீசை, மாலை. பிறகு தீபங்கள் ஆடத் தொடங்கின.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “ஏனுங்க, உங்க படத்துக்கு எதுக்குங்க வெளக்கு வெச்சிருக்குது?”

“அலங்காரமுங்க அத்தை” என்றேன்.

“நம்மூட்டுல போய்ச்சேந்த உங்கய்யன் படத்துக்கும் இப்படித்தானுங்க வெச்சிருக்கறோம்” என்றார் அத்தை, மாமாவிடம்.

பேச்சை மாற்றக் கெஸ்ட் புக்கைத் திறந்தேன். பதினேழு பேர் எழுதியிருந்தார்கள்!

“படி கண்ணு” என்றார் மாமா. கலா ஆங்கிலத்தைப் பார்த்துத் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள்: “ஆன்மா சாந்தியடையட்டும்னு போட்டிருக்குதுங்க.”

“ஆரோட ஆன்மா?”

“உங்குளுதுதானுங்கப்பா.”

சென்டரே திரும்பிப் பார்த்தது. கலா அடுத்ததற்குப் போனாள். “பிடிவாதக்காரரு, இருந்தாலும் நல்லவருன்னு சிங்கப்பூர் சித்தப்பா எழுதியிருக்காருங்க.”

“பிடிவாதமா? அவம் பேரத் தனியாக் குறிச்சு வெய்யி.”

கடைசிக் குறிப்பு செந்திலுடையது. “வீட்டுக்குப் போன் கிடைக்கவில்லை. புறப்பட்டுவிட்டேன், வெள்ளிக்கிழமை கோவை விமானத்தில் வருகிறேன். நான் வரும்வரை அப்பாவை வைத்திருங்கள்.” (மழையில் மாமா வீட்டு லைன் அறுந்து ஐந்து நாள்.)

அத்தை கதறி அழுதார்.

“நான் இங்கதான குத்துக்கல்லாட்ட உக்காந்திருக்கறேன், எதுக்கு அழுவற?”

“அதுக்கில்லீங்க. பையன் வாரானுங்க!”

மாமா என் பக்கம் திரும்பினார். கல்யாணம் போயிற்று என்றே நினைத்தேன்.

மறுநாள் விமான நிலையத்துக்கு மாமாவே போனார். வாசலில் வெள்ளை வேட்டியோடு நின்ற அப்பாவைக் கண்டதும் செந்தில் பெட்டியை அப்படியே விட்டுவிட்டார். கட்டிக்கொண்டு அழுது முடித்தபின் அவர் கேட்ட முதல் கேள்வி, “அவன் எங்கே?” நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன்.

அப்பாவின் காரியம் முடியும்வரை என்று செந்தில் மூன்று வாரம் லீவு வாங்கி வந்திருந்தார். மாமா அதற்குள்ளேயே எங்கள் கல்யாணத்துக்கு ஒரு நாளைக் குறித்தார். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: “எம்பட காரியத்துக்குன்னு அத்தன தூரத்துல இருந்து வந்தவன் விருந்து சாப்புடாமப் போலாமுங்களா?”

மாமாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. எங்கள் கல்யாண நாளன்று காலையில் தவறாமல் போன் வரும். வாழ்த்துவதற்கல்ல.

“மாப்ள, இன்னிக்கு எனக்குத் தெவசமுங்க. என்ன பலகாரஞ் செய்யறீங்க?”