ஐந்தாம் டப்பா

அடுப்பை அணைத்துவிட்டு முறுக்கு பிழியச் சொன்னார் கமலநாதன். கடையில் கூடமாட உதவும் மலர் அச்சைக் கீழே வைத்தாள்.

"நெருப்பு இல்லாம எப்படிண்ணே வேகும்?"

"தாள்ல பூஜ்யம்னு போட்டிருக்குலா."

தாளை அனுப்பியவன் பூச்சோங்கில் உணவு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் கமலநாதனின் அக்கா மகன் கிஷன். எண்ணெய்ச் சூட்டையும் வேகும் நேரத்தையும் மாற்றி மாற்றி ஒன்பது ஈடு போட்டால் நல்ல பதம் பிடிபடுமாம். ஒவ்வோர் ஈட்டுக்கும் நேராக மைனஸ் ஒன்று, பூஜ்யம், பிளஸ் ஒன்று என்று எழுதியிருந்தான். நாலு மணிக்கு சுபாங் ஜெயா சூப்பர்மார்க்கெட்டிலிருந்து ஷெர்லி ருசி பார்க்க வருகிறாள். போன வருடத் தீபாவளி ஆர்டர் எதிர்க்கடைத் தம்புசாமிக்குப் போய்விட்டது. இந்த வருடமும் போனால் கமலநாதன் கிள்ளானில் தலைகாட்ட முடியாது.

கிஷனுக்குப் போன் போட்டார்.

"பூஜ்யம்னா நடுமத்தி மாமா. உங்க வழக்கமான நூத்தியெண்பது டிகிரி, அஞ்சு நிமிஷம்."

"அத எழுதித் தொலைக்கறதுக்கென்ன?"

பிளஸ் ஒன்றுக்கு ஒரு டிகிரி கூட்டினார். மைனஸ் ஒன்றுக்கு ஒரு டிகிரி குறைத்தார். மூன்று ஈடும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாக வந்து விழுந்தன. மறுபடி போன்.

"ஒன்னுன்னா ஒரு டிகிரி இல்ல மாமா. கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இடைவெளி சூட்டுல நாப்பது டிகிரி, நேரத்துல ரெண்டு நிமிஷம். அதுல..."

"நாப்பது, ரெண்டு. புரிஞ்சிருச்சு, வை."

நாற்பதைக் கூட்டியதும் பக்கத்து முடிதிருத்தும் கடையில் பாதிச் சவரத்தோடு ஒருவர் தெருவுக்கு ஓடிவந்தார், அத்தனை புகை. நாற்பதைக் கழித்ததும் முறுக்கு எண்ணெயைக் குடித்துவிட்டு மழையில் நனைந்த பூனை மாதிரிக் கிடந்தது. மாவும் தீர்ந்தது. ஒன்பது டப்பாவில் எட்டை நாய்கூட முகராது. சூடும் நேரமும் பூஜ்யம் என்றிருந்த ஐந்தாவது மட்டும் பொன்னாக வந்திருந்தது.

ஐந்தாம் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனில் கிஷனைத் திட்ட உட்கார்ந்தார்.

"பாதி மாமா, பாதி. இருபதுதான் கூட்டணும். அஞ்சாவது தப்பிச்சதே பூஜ்யத்தால எதைப் பெருக்கினாலும் பூஜ்யம்ங்கறதாலதான்."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"எங்க சொல்ல விட்டீங்க?"

கடித்துக்கொண்டே அரைமணி நேரம் திட்டினார்.

ஷெர்லி வந்தாள். நாலு டப்பாவுக்கு நாலு மிடறு தண்ணீர் குடித்தாள். ஐந்தாவதில் கை நின்றது.

"இதுதான் அங்கிள். தீபாவளிக்கு இதே ருசியில ஆயிரம் பாக்கெட் வேணும்."

அவள் கார் கிளம்பியதும் கமலநாதன் எதிர்க்கடையை ஒரு பார்வை பார்த்தார்.

"பாத்தியா மலர், தம்புசாமிக்கு ஏழு ஜென்மத்துக்கும் இந்தப் பதம் வருமா?"

மலர் சட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "அஞ்சாம் டப்பாவ நீங்கதான் போன்ல பேசிக்கிட்டே தின்னு தீத்துட்டீங்களேண்ணே. அந்தம்மா வேற வந்து நின்னுட்டாங்க, நான் ஓடிப்போய் தம்புசாமி அண்ணன் கடையில ஒரு பாக்கெட் வாங்கிக் கொட்டி வச்சேன்."