உங்கள் தங்கைக்கு நான் சொன்ன பதினான்கு ‘முடியாது’

டோகோவி,
செவ்வாய்க்கிழமை, காலை.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் திரு. அமெட்டோர் அவர்களின் சமுகத்துக்கு, தங்கள் தங்கையின் கணவன் கொம்லா நுட்டோர் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் அப்லாவும் நலம். வலது முழங்கால் மட்டும் நலமில்லை, அது என்னுடையது. ஹோ நகரில் தாங்களும், தங்கள் இல்லத்தரசியாரும், கொல்லையில் உள்ள ஆடுகள் நான்கும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. “அறுபத்து மூன்று வயதில் உனக்கு எதற்கு அரசியல்? நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு வேன் நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு போய் அவரை வம்புக்கு இழுத்தாயாமே?” என்று கேட்டிருந்தீர்கள். போனது உண்மை. வேன் நிறைய என்பது மிகை. பதினொரு பேரும் ஒரு கூடை சின்ன வெங்காயமும் மட்டுமே. வம்புக்கு இழுத்ததாகச் சொன்னவர் யாரோ, அவருக்கு விஷயமே தெரியவில்லை. அன்றைக்கு அங்கே காரியத்தை முடித்துக் கொடுத்தவன் நான். நடந்ததை முழுதும் எழுதுகிறேன். படித்துவிட்டு தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

போன மழைக்காலத்தில் கடல் மணல்திட்டைத் தாண்டி ஊருக்குள் வந்தது தங்களுக்குத் தெரியும். மேற்கே இரண்டு வீடுகள் போயின. அங்கே குடியிருந்தவர்கள் இன்றும் தேவாலயச் சபைக் கூடத்துக்குப் பின்னால்தான் படுக்கிறார்கள். அப்லாவின் எட்டு வெங்காயப் பாத்தியிலும் உப்புத் தண்ணீர் நின்றது. நின்றது வடிந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து தலைநகர் அக்ராவிலிருந்து எனியோனம் என்று ஒரு பெண் வந்து, சபைக் கூடத்துக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினாள். பருவநிலைச் சட்டம் ஒன்று நாடாளுமன்றத்துக்கு வருகிறதாம். கடற்கரை மணலை அள்ளக் கூடாது, அலையைத் தடுக்கிற கண்டல் மரம் நட வேண்டும், வெள்ளம் வருமுன் ஒவ்வொரு மாவட்டமும் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறதாம். ஆனால் உறுப்பினர்கள் தாமாகக் கை தூக்க மாட்டார்கள், ஜனங்கள் போய்ப் பேசித்தான் தூக்க வைக்க வேண்டும், எப்படிப் பேசுவது என்று ஆறு சனிக்கிழமை தொண்டர்களுக்குப் பயிற்சி என்று போட்டிருந்தது. நாற்காலி அவரவரே கொண்டு வரணும். உங்க தங்கை முதல் ஆளா பேர் கொடுத்துட்டா. நான் போனது நாற்காலி தூக்கத்தான், மச்சான், சத்தியமா நாற்காலி தூக்கத்தான்.

அந்தப் பெண் எனியோனம் கெட்டிக்காரி. அவள் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: முதலில் நன்றி சொல், அவர் பேசுவதைக் கேள், உன் சொந்தக் கதையைச் சொல், ஒரே ஒரு கோரிக்கை வை, அப்புறம் வாயை மூடு. கடைசி விதியைக் கேட்டதும் எங்கள் ஊரில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களிடம், “இப்ப ஒத்திகை. யாராவது ஒருத்தர் உறுப்பினரா உட்காரணும். எதைக் கேட்டாலும் மறுக்கிற ஆளா இருக்கணும்” என்றாள். கூடமே திரும்பி என்னைப் பார்த்தது. முப்பத்தோரு வருஷம் எல்லைச் சாவடியில் நின்று, வருகிற லாரியெல்லாம் மறித்து, “முடியாது, காகிதம் சரியில்லை” என்று சொன்ன ஆள் அல்லவா நான்? வேன் ஓட்டுகிற எட்டோர்னாம், “அண்ணனை விட்டா இந்தக் கரையிலேயே ஆளு கிடையாது” என்று என் கையைப் பிடித்து இழுத்து மேசைக்குப் பின்னால் உட்கார வைத்தான். உட்கார்ந்ததுமே, மச்சான், எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அப்படி நிமிர்ந்ததே இல்லை.

எட்டோர்னாம்தான் முதலில் மாட்டினான். கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடமாக, “ஐயா, உங்க சேவைக்கு நன்றி” என்று ஆரம்பித்தான்.

“எந்தச் சேவைக்கு?” என்றேன்.

கண்ணைத் திறந்தான். “அது... பொதுவா, ஐயா.”

“பொதுவா நன்றி சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே? அடுத்த ஆள்.”

இரண்டு நிமிஷத்தில் அவன் கதை முடிந்தது. அடுத்து வந்தவர்களுக்கும் அதே கதிதான். புகை விட்டது வேற தேசம், நாம ஏன் முந்திக்கணும் என்றேன். மணல் அள்ளுறதை நிறுத்தினா வீடு எதால கட்டுவீங்க என்றேன். வடக்கே இருக்கிறவன் மழையே இல்லைங்கறான், அவனுக்கு என்ன பதில் என்றேன். தையற்காரி ஒருத்தி அழுதே விட்டாள். எனியோனம் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, “ஐயா, நீங்க பிரமாதம். ஆனா கொஞ்சம் இறங்கி வாங்க” என்று கெஞ்சினாள். உறுப்பினர் எப்படி அம்மா இறங்கி வருவார்?

உங்க தங்கை முறை வந்ததும், நேரே மேசைக்கு முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து, “இந்தச் சட்டத்துக்குச் சரின்னு சொல்லலைன்னா ராத்திரிக்கு அக்ப்ளே களியும் கிடையாது, மீனும் கிடையாது” என்றாள். எனியோனம் ஓடி வந்து, “அக்கா, நிஜமான உறுப்பினருக்கு நீங்க சமைச்சுப் போடறதில்லையே!” என்றாள். அதோடு முடிந்ததா? வீட்டுக்கு வந்தும் தொடர்ந்தது. அப்லா வெண்டைக்காய் அரிஞ்சுக்கிட்டே ஒரு வாதம் சொல்லுவா, நான் கட்டில்ல படுத்துக்கிட்டே மறுப்பேன். விறகு எடுத்துட்டு வாங்கன்னா, குழு போட்டுப் பரிசீலிக்கிறேன்னு சொல்லுவேன். அப்படிச் சேர்ந்த மறுப்புகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன், மொத்தம் பதினான்கு. ஒவ்வொன்றும் இரும்பு.

ஐந்தாவது சனிக்கிழமை மட்டும் ஒன்று நடந்தது. அதைத் தங்களிடம் மறைக்க மாட்டேன். அப்லா வந்தாள். மிரட்டவில்லை. மேசைமேல் ஒரு பிடி மண்ணை வைத்தாள். “நாக்கில வச்சுப் பாருங்க” என்றாள். வைத்தேன். கரித்தது. “மூணு மாசமா விடியறதுக்கு முன்னாடி கிணத்துத் தண்ணியைத் தலையில சுமந்து இந்த எட்டுப் பாத்தியையும் கழுவிட்டிருக்கேன், ஐயா. கழுவக் கழுவ அடியிலேருந்து உப்பு ஏறுது. இன்னொரு தடவை கடல் வந்தா எனக்குக் கழுவ சக்தி இல்லை. நீங்க இந்தச் சட்டத்துக்கு ஓட்டுப் போடுவீங்களா?” என்று கேட்டுவிட்டு வாயை மூடினாள்.

விதிப்படி மூடினாள். விடியுமுன் அவள் எழுந்து போவது ஜெபத்துக்கு என்று நினைத்து மூன்று மாதம் தூங்கியிருக்கிறேன், மச்சான். நோட்டில் பதினான்கு இருந்தன. நோட்டை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். எனியோனம்தான், “சரி, இன்னிக்கு இது போதும்” என்று கூடத்தைக் கலைத்தாள். மறுநாளிலிருந்து தண்ணீர் நான்தான் தூக்குகிறேன். முழங்கால் அதனால்தான்.

இனி அந்தப் பெரிய நாள். எட்டோர்னாமின் வேனில் எங்கள் தொகுதி உறுப்பினர் ஆனரபிள் ஃபியாசோவின் அலுவலகத்துக்குப் போனோம். தொண்டர்கள் தாமே பேச வேண்டும் என்று எனியோனம் வெளியே நின்றுகொண்டாள். அப்லா மேசையருகே, எட்டோர்னாம் அவள் பக்கத்தில், நான் கடைசி வரிசையில் வெங்காயக் கூடையோடு. அப்லா நன்றி சொன்னாள், உப்பு மண்ணைச் சொன்னாள், கோரிக்கை வைத்தாள், வாயை மூடினாள். நாலே நிமிஷம். ஆனரபிள், “செய்யறேம்மா. ஆதரவுன்னு எழுதியே தர்றேன்” என்றார்.

ஒருத்தருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆறு வாரமும் மறுக்கிற ஆளோடு பேசத்தான் பழகினோமே தவிர, சரி என்று சொல்லுகிறவரை என்ன செய்வதென்று எவரும் சொல்லித் தரவில்லை. எட்டோர்னாம் கண்ணை மூடிக்கொண்டு, “ஐயா, உங்க தயக்கம் எங்களுக்குப் புரியுது” என்று ஆரம்பித்துவிட்டான்.

“எனக்குத் தயக்கமே இல்லையேப்பா.”

“அப்படித்தான் ஐயா ஆரம்பத்தில தோணும்.”

ஆனரபிள் நெற்றியைச் சுருக்கி, “நாடாளுமன்றத்துல எதிர்த்துப் பேசறவங்க என்னதான் சொல்லுவாங்க?” என்று பொதுவாகக் கேட்டார். எங்கிருந்தோ, “முடியாது!” என்று ஒரு குரல். என் குரல்தான். பழக்கதோஷம். “யாரு அவர்?” என்றார். “என் வீட்டுக்காரர்” என்றாள் அப்லா. அப்புறம் நான் நிற்கவில்லை. நோட்டே தேவைப்படவில்லை. “புகை விட்டது வேற தேசம், நாம ஏன் முந்திக்கணும்?” என்றேன். அப்லா திரும்பிக்கூடப் பார்க்காமல், “புகை விட்டவன் மனசு மாறி வர்ற வரைக்கும் கடல் எங்க வாசல்ல நின்னு காத்துக்கிட்டிருக்குமா?” என்றாள். “மணல் இல்லாம வீடு எப்படிக் கட்டறது?” “மணலை அள்ளி அள்ளித்தானே ரெண்டு வீடு கடலுக்குள்ள கிடக்கு!” நான் ஒன்று, அவள் ஒன்று, பதினான்கும் தீர ஒரு மணி நேரம். ஆனரபிள் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டே இருந்தார். பதினான்காவது பதில் முடிந்ததும் கோப்பைத் திறந்து, கையெழுத்துப் போட்ட கடிதத்தை அப்லா கையில் கொடுத்தார். நாடாளுமன்றத்திலும் தானே பேசப்போவதாகச் சொன்னார்.

ஆகவே, மைத்துனரே, உண்மை இதுதான். நான் அவரை வம்புக்கு இழுக்கவில்லை. லேசாகச் சொன்ன ‘சரி’யைப் பதினான்கு அடி அடித்து உறுதிப்படுத்தி, கையெழுத்தாக மாற்றி எடுத்து வந்தேன். அன்று நான் மட்டும் வாயைத் திறந்திருக்காவிட்டால் இந்தக் கரைக்கு அந்தக் கடிதம் கிடைத்திருக்காது. சட்டம் நிறைவேறும், எனக்குச் சந்தேகமே இல்லை.

தங்கள் இல்லத்தரசியாருக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. தங்கள் வீட்டுக் கூரை ஒழுகாமலும் கிழங்குத் தோட்டம் வாடாமலும் இருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
கொம்லா நுட்டோர்.

பி.கு.: உறையை ஒட்டுமுன் தங்கள் தங்கை வாங்கிப் படித்துவிட்டாள். சிரித்தாள். எட்டோர்னாம் கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தபோதே ஆனரபிள் அந்தக் கடிதத்தை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கோப்புக்குள் வைத்துவிட்டாராம். அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம். “அப்புறம் ஏண்டி ஒரு மணி நேரம் என்னோட மல்லுக்கு நின்னே?” என்றேன். “ஆறு வாரமா நீங்க சொன்ன ஒவ்வொரு முடியாதுக்கும் எங்கிட்ட பதில் இருந்துச்சு. வீட்டில ஒண்ணையாவது முழுசா முடிக்க விட்டீங்களா? அன்னிக்குத்தான் பத்துப் பேர் நடுவுல நான் சொல்றதை முழுசா கேட்டுட்டு உட்கார்ந்திருந்தீங்க” என்கிறாள்.