முழுக்கதை அண்ணைக்கு வாய்த்த குடும்பம்

சுவிஸ் நாட்டில் முழுக்கதை அண்ணையிடமிருந்து 'ஓம்' என்றோ 'இல்லை' என்றோ ஒற்றைச் சொல்லில் பதில் வாங்கியவர் எவரும் கிடையாது. வாங்கிவிட்டதாக யாராவது சொன்னால், அவர் வேறு யாரையோ சந்தித்திருக்கிறார்.

பாடனில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் அவரும் நானும் வேலை செய்தோம். அவர் சூப்புப் பக்கம், நான் பாத்திரம் கழுவும் மெசின் பக்கம். ஒருநாள் தலைமைச் சமையல்காரர், சூப்புக்கு உப்புப் போட்டாயிற்றா என்று ஜேர்மனில் கேட்டார். அண்ணை காலையில் பஸ்சைத் தவறவிட்டதிலிருந்து தொடங்கினார். கதை உப்பு டப்பாவை நெருங்குவதற்குள் சமையல்காரர் பொறுமையிழந்து, தானே ஒரு பிடி அள்ளிப் போட்டுவிட்டார். உப்பு ஏற்கெனவே போட்டாயிற்று என்பதுதான் கதையின் முடிவு. அன்று பிற்பகல் முழுக்கப் பெரியவர்கள் தண்ணீர் கேட்டு மணி அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

ரயிலில் டிக்கெட் கேட்டு வந்த பரிசோதகருக்கும் இதே கதிதான். அரைக் கட்டண அட்டையைத் தான் ஏன் எடுக்க நேர்ந்தது என்று அண்ணை விளக்கத் தொடங்கினார். இரண்டு நிமிடம் கேட்ட பரிசோதகர், "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்கு ஓடிவிட்டார். அண்ணையின் சட்டைப் பையில் டிக்கெட் இருந்தது.

இப்படிப்பட்டவரிடம்தான் வேலைக்குச் சேர்ந்த அன்று அலுவலகப் பெண்மணி, "திருமணமானவரா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணை என்ன சொன்னார் என்பது கடவுளுக்கும் அந்தப் பெண்மணிக்கும்தான் தெரியும். அந்தப் பெண்மணி ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

சில வருடங்கள் கழித்துச் சம்பளக் கணக்குக்குப் புதிதாக ஓர் இளம்பெண் வந்தாள். வந்த மாதமே எல்லோருடைய விபரங்களையும் சரிபார்க்கத் தொடங்கினாள். அடுத்த நாள் கோப்பி இடைவேளையில் அண்ணை என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, என்ரை மனுசியின்ரை காப்புறுதி இலக்கம் கேக்கிறாள்."

"உங்களுக்கு மனுசி இல்லையே அண்ணை?"

"அதுதான் எனக்கும் யோசனையாக் கிடக்கு."

"நீங்கள் அவளுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"மனுசி வேலை செய்யிறாவோ எண்டு கேட்டாள். முன்பள்ளியிலை படிப்பிக்கிறா எண்டு தொடங்கினனான், மிச்சத்தை அவள் கேக்கேல்லை."

"ஆர் படிப்பிக்கிறா?"

"அதுக்கு முதலிலையிருந்து சொல்லவேணும்..."

மணி அடித்தது. நான் மெசினுக்கு ஓடிவிட்டேன்.

மாலையில் அவருடைய சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். எங்களைப் போன்ற தற்காலிக வதிவிட அனுமதிக்காரருக்கு வருமான வரியைச் சம்பளத்திலேயே பிடித்துவிட்டுத்தான் மிச்சத்தைத் தருவார்கள். எவ்வளவு பிடிப்பது என்பதற்கு ஒரு குறியீடு உண்டு. ஏ என்றால் தனி ஆள். பி என்றால் கலியாணம் முடித்து, ஒருவர் மட்டும் உழைப்பவர். பக்கத்தில் இருக்கும் எண், பிள்ளைகளின் எண்ணிக்கை. அண்ணையின் சீட்டில் 'பி' இருந்தது, பக்கத்தில் 'இரண்டு' இருந்தது. ஜேர்மன் அரைகுறையாகப் பேசுவாரே தவிர வாசிக்கத் தெரியாத அண்ணை இத்தனை காலமும் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்து வைத்திருக்கிறார்.

ஒவ்வொரு டிசம்பரிலும் இல்லத்தில் ஊழியர்களின் பிள்ளைகளுக்குக் கச்சான் கடலை, மண்டரின் தோடம்பழம், சொக்கிலேற் போட்ட பை கொடுப்பார்கள். அண்ணைக்கு இரண்டு பைகள் வரும். தான் காலை மாலை இரண்டு வேளையும் நிற்பதால் இரண்டு என்று நினைத்து, அவற்றை என் மகள்மாரிடம் கொடுத்துவிடுவார். குறியீட்டை விளக்கியதும் அவர் முதலில் கேட்டது, "அப்ப கச்சானுக்கும் காசு கட்டவேணுமோ தம்பி?" என்பதுதான்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நிரந்தர வதிவிட அனுமதிக்கு அவர் விண்ணப்பித்திருந்த நேரம் அது. வரியை ஏமாற்றியவர் என்று ஒரு வரி எழுதப்பட்டால் போதும், எல்லாம் போய்விடும்.

இல்லத்தில் அந்த வருடக் கணக்கைத் திருத்திவிட்டார்கள். பழைய வருடங்களுக்கு விளக்கம் சொல்ல ஆராவ் நகரிலுள்ள வரி அலுவலகத்துக்கு வரச்சொன்னார்கள். மொழிபெயர்க்க நான் போனேன். ரயிலில் போகும்போது படித்துப் படித்துச் சொன்னேன்.

"அண்ணை, கெஞ்சிக் கேக்கிறன். 'பிழையா எழுதிப்போட்டினம், எனக்குத் தெரியாது' எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

"சரி தம்பி. அவ்வளவும்தான் சொல்லுவன்."

அலுவலகத்தில் இருந்தவர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஓர் அம்மையார். கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "குடிவரவுப் பதிவில் நீங்கள் எப்போதும் தனி ஆள். சம்பளச் சீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள். இது எப்படி நடந்தது?"

அண்ணை தொண்டையைச் செருமினார். "அம்மா, முதலிலையிருந்து சொன்னாத்தான் விளங்கும்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் மொழிபெயர்க்க வந்தவன் ஓட முடியாது. அவர் சொல்லச் சொல்ல நான் ஜேர்மனில் சொன்னேன்.

வேலைக்குச் சேர்ந்த நேரம் அவருக்குக் கலியாணம் பேசி முடிவாகியிருந்தது. வவுனியாவில் ஒரு முன்பள்ளி ஆசிரியை. கணவன் இறந்து, இரண்டு பிள்ளைகளோடு இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் அண்ணை பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். மூத்தவள் வகுப்பில் நடந்ததெல்லாம் சொல்வாள். விசாவுக்குக் கடிதங்கள் சேர்க்கத் தொடங்கியபோது, பிள்ளைகள் வரமாட்டோம் என்றுவிட்டார்கள். இழுத்துக்கொண்டு வரத் தாய்க்கு மனமில்லை. விட்டுவிட்டு வரவும் முடியாது. அண்ணையால் திரும்பிப் போகவும் முடியாது.

"பிறகும் கொஞ்சக் காலம் ஞாயிறு எடுத்துக் கதைச்சனான். அவ ஒருநாள் சொன்னா, இனி எடுக்காதேங்கோ, பிள்ளையள் உங்களோடை நல்லாப் பழகிட்டினம், பிறகு அவைக்குத்தான் கஷ்டம் எண்டு. நான் எடுக்கேல்லை. அவவிலை ஒரு பிழையுமில்லை அம்மா. இதையும் எழுதிக்கொள்ளுங்கோ."

கடைசி இரண்டு வாக்கியங்களில் என் ஜேர்மன் தடுமாறியது. நான்கு வருடம் அவர் பக்கத்தில் நின்று வேலை செய்தவன் நான். இந்தக் கதை எனக்குத் தெரியாது.

அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். "திருமணம் நடக்கவில்லை என்பதை ஏன் வேலையிடத்தில் சொல்லவில்லை?"

அண்ணை யோசித்தார். "என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை அம்மா."

அதையும் நான் மொழிபெயர்த்தேன்.

அம்மையார் சிறிது நேரம் தட்டச்சு செய்தார். வேலை வழங்கியவர் தவறாகப் பதிந்தது, ஊழியருக்கு ஏமாற்றும் எண்ணம் இருக்கவில்லை என்று எழுதி வாசித்துக் காட்டினார். குறைவாகப் பிடித்த வரியைக் கட்டத்தான் வேண்டும், ஆனால் மாதாமாதம் சிறிது சிறிதாகக் கட்டலாம். வதிவிட விண்ணப்பத்துக்குப் பாதிப்பு வராது. எழுந்து இருவருக்கும் கைகொடுத்தார். அண்ணையின் கையை மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்திருந்தார் போல எனக்குத் தோன்றியது.

திரும்பும் ரயிலில் அண்ணை ஜன்னலோரம் இருந்து வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். பரிசோதகர் வந்தார். அண்ணை ஒன்றும் சொல்லாமல் டிக்கெட்டை எடுத்து நீட்டினார்.

"அண்ணை," என்றேன், "அந்தப் பிள்ளையளின்ரை பேர் என்ன?"

மெல்லத் திரும்பிப் பார்த்தார். நான் உண்மையாகத்தான் கேட்கிறேனா என்று ஒருகணம் முகத்தைத் தேடினார்.

"பேரெண்டா தம்பி... மூத்தவளுக்கு முதலிலை வேறை பேர்தான் வைக்க இருந்தவை. அவளின்ரை பேரன், அதாவது தாயின்ரை தேப்பன், அவர் அந்த நேரம் மன்னாரிலை..."

ஜாக்கெட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினேன். நாங்கள் இறங்கவேண்டிய பாடனில் ரயில் நின்றது. கதை இன்னும் மன்னாரைத் தாண்டவில்லை. நான் எழும்பவில்லை.