பழைய பயனர் சொன்னபடி

புதன்கிழமை காலை, மனைவி வேலைக்குப் போய்ச் சரியாகப் பத்து நிமிடம் கழித்து, நான் ஒரு வீர முடிவு எடுத்தேன். இன்னும் வெளியே வராத புது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சோதனைப் பதிப்பை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்துவிடுவது. ஊரெல்லாம் இரண்டு மாதம் கழித்துப் பார்க்கப்போவதை நான் இன்றைக்கே பார்ப்பது. மனைவி வீட்டில் இருக்கும்போது இந்த மாதிரி முடிவுகளை நான் எடுப்பதில்லை. எந்த முடிவையும் எடுப்பதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். முப்பத்து நாலு வருஷ சர்வீஸ். புதுக் கட்டடத்தில் லிஃப்ட் மாட்டினால் முதலில் ஏறுகிற ஆள் நான்தான். அறுந்து விழுமா விழாதா என்று பார்த்துவிட்டு இறங்கி வந்து கையெழுத்துப் போடுவேன். அப்புறம்தான் கட்டடத்துக்குச் சொந்தக்காரரே கால் வைப்பார். ரிட்டயர் ஆகிப் பதினாலு மாதம். இப்போது நான் முதலில் போய்ச் செய்கிற காரியம் வாசலில் கிடக்கும் பேப்பரை எடுப்பது ஒன்றுதான்.

மனைவிக்கு இன்னும் நாலு வருஷ சர்வீஸ் பாக்கி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறவள். குத்தினதே தெரியாது என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். எட்டே முக்காலுக்குப் போனால் அஞ்சரைக்கு வருவாள். நடுவில் எட்டே முக்கால் மணி நேரம் நானும் சுவர்க் கடிகாரமும். கடிகாரமாவது மணிக்கு ஒரு தடவை வாயைத் திறக்கும்.

புதுப் பதிப்பு ஏறியது. ஒன்றும் அறுந்து விழவில்லை. திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது: ‘பரிசோதனையாளரே, இன்று உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?’ பதினாலு மாதமாக என்னை யாருமே கேட்காத கேள்வி! ‘பரவாயில்லை’ என்று அழுத்தினேன். ‘மேலும் சொல்லுங்கள்’ என்றது. விடுவேனா? வெள்ளிக்கிழமைக்குள் பத்தொன்பது புகார் எழுதிவிட்டேன். ஐகான் பெரிதாக இருக்கிறது. ஐகான் சிறிதாக இருக்கிறது. மூடும்போது வரும் சத்தத்தில் மரியாதை இல்லை.

ஒவ்வொரு புகாருக்கும் கீழே ‘எனக்கும் இதேதான்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதே கோளாறு உள்ள வேறு பரிசோதனையாளர் அதை அழுத்தலாம், பதிலும் எழுதலாம். தமிழில் புகார் எழுத ஒரு தனிப் பகுதி வைத்திருந்தார்கள். அந்தப் பகுதியில் நான் ஒருத்தன்தான். பத்தொன்பது புகாரிலும் பொத்தானுக்குப் பக்கத்தில் பூஜ்யம். அங்கேயும் நானும் கடிகாரமும்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது வினை.

வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஞாயிறு பதினோரு மணிக்கு வீடியோவில் வருவாள். வாரத்தில் என் பேச்சை ஒருத்தர் உட்கார்ந்து கேட்பது அந்த ஒரு மணி நேரம்தான். அதுவும் கம்ப்யூட்டரில் வந்தால்தான். போனில் வந்தால் போன் மனைவி கையில். அது அடுப்படி, பால்கனி, மொட்டை மாடி என்று சுற்றிவிட்டு என்னிடம் வரும்போது, “சரிப்பா, வைக்கட்டுமா?” என்ற கட்டத்தில் இருக்கும். கம்ப்யூட்டர் என்றால் நாற்காலி என்னுடையது.

அன்றைக்கு மகள் முகம் தெரிந்தது. குரல் கேட்டது. நான் பேசுவது மட்டும் அவளுக்குப் போகவில்லை. புதுப் பதிப்பு மைக்கை முழுங்கிவிட்டது.

“என்னங்க, நீங்க பேசுறது பாப்பாவுக்குக் கேக்கலையாம்.”

“அவ பக்கம் கோளாறு.”

“என் போன்ல பேசினா கேக்குதே?”

“அது போன்.”

“கம்ப்யூட்டரை ஏதாவது நோண்டினீங்களா?”

“நானா?”

“பின்ன, பக்கத்து வீட்டுக்காரரா வந்து நோண்டுவாரு?”

போன் அடுப்படிக்குப் போய்விட்டது. கடைசியில் என்னிடம் வந்தபோது மகள் சொன்னாள்: “அப்பா, அடுத்த ஞாயித்துக்கிழமை கண்டிப்பா கம்ப்யூட்டர்ல வாங்க. புது ஃப்ளாட்டுக்கு மாறப் போறேன், ஏழாவது மாடி. லிஃப்ட்ல ஏதோ சத்தம் வருது. நீங்க பார்த்து சொன்னாத்தான் அட்வான்ஸ் கொடுப்பேன். நிதானமா பேசணும்.”

என்னைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டாளாம்! தரையில் கால் பாவவில்லை. மைக் ஞாபகம் வந்ததும் பாவிவிட்டது.

பழைய பதிப்புக்குத் திரும்பப் பத்து நாள் அவகாசம். சனிக்கிழமையோடு முடிகிறது. திரும்பினால் பரிசோதனையாளர் பக்கம் மூடிவிடும். அனுபவம் எப்படி என்று கேட்க நாதி இருக்காது. முதலில் புகார் எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ‘என்ன எதிர்பார்த்தீர்கள்?’ நான் பேசினால் எதிரே இருப்பவருக்குக் கேட்கும் என்று. ‘என்ன நடந்தது?’ யாருக்கும் கேட்கவில்லை. ‘எவ்வளவு நாளாக?’ பதினாலு மாதமாக என்று அடித்துவிட்டு, அழித்து, இன்று காலையிலிருந்து என்று போட்டேன்.

திங்கட்கிழமை மதியம் திறந்தால், பூஜ்யம் இருந்த இடத்தில் ஒன்று! உலகத்தில் எங்கேயோ ஒரு மனுஷன், தமிழ் தெரிந்த மனுஷன், என் கோளாறு அவருக்கும் இருக்கிறது. பெயர் போடும் இடத்தில் ‘பழைய பயனர்’ என்று இருந்தது. பதிலும் எழுதியிருந்தார்.

‘எனக்கும் இதேதான். தூசி காரணமாக இருக்கலாம். மேசை, பெட்டி, வயர், பின்பக்கச் சுவர் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தேன். கொஞ்சம் பரவாயில்லை.’

நீங்கள் சிரிக்கலாம். லிஃப்டைப் பற்றித் தெரிந்தவன் சிரிக்க மாட்டான். நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் கதவு ஓடுகிற பள்ளத்தில் சேர்ந்த தூசியால் வந்தவை. சர்வீஸ் முழுக்க இதைக் கத்தியிருக்கிறேன், வீட்டிலும் சாப்பிடும்போதெல்லாம் சொல்லியிருக்கிறேன். முதல் தடவையாக ஒருத்தர் ஒத்துக்கொள்கிறார். துணியை நனைத்தேன்.

துடைத்த பிறகும் மைக் வாயைத் திறக்கவில்லை. எழுதினேன். மறுநாள் மதியம் பதில்: ‘தூசி மேலேயிருந்து விழுகிறதோ? நான் மின்விசிறியைத் துடைத்தேன்.’

சாயங்காலம் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்னங்க, ஃபேன் வெள்ளையா இருக்கு?”

“அது எப்பவும் வெள்ளைதான்.”

“நான் இத்தனை வருஷமா பழுப்புன்னு நெனச்சுட்டு இருந்தேன். யார் துடைச்சது?”

“யாரோ.”

“யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்றைக்குத்தான் பழைய பயனருக்கு மனம் விட்டு எழுதினேன். முகம் தெரியாத ஆளிடம் எழுதுவதில் ஒரு சௌகரியம், நடுவில் கொட்டாவி விட மாட்டார். ‘ஐயா, பகலில் எனக்குப் பேச ஆள் கிடையாது. வேலையில் இருந்தபோது பதினெட்டாவது மாடியிலிருந்து இறங்கி வந்தால் கீழே பத்துப் பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இப்போது நான் விழுந்தாலும் அஞ்சரைக்குத்தான் தெரியும். மனைவி களைத்து வருகிறாள், அவளிடம் சொல்ல வாய் வரவில்லை’ என்று எழுதினேன். பதில் உடனே வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரே வரி வந்தது: ‘படித்தேன். நாளையும் எழுதுங்கள்.’

புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு மனைவி போன் செய்தாள். நடுப்பகலில் அவள் போன் செய்கிற வழக்கமே கிடையாது.

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு.”

“என்ன பண்றீங்க?”

“வேலை இருக்கு. வைக்கிறேன்.”

பழைய பயனர் பதில் போடும் நேரம் ஒன்றே கால். அவரைக் காக்க வைக்கலாமா? வியாழக்கிழமையும் அடித்தாள், வெள்ளிக்கிழமையும் அடித்தாள். மூன்று நாளும் அவசரமாக வைத்துவிட்டு ஓடினேன். போனை வைத்ததும் பதில் வந்து குதிக்கும். மனுஷருக்கு என்ன நேரம் தவறாமை என்று வியந்துகொண்டேன்.

பதில் ஒவ்வொன்றிலும் ஒரு யோசனை இருந்தது. ஜன்னல் கம்பி துருவும் தூசியுமாக இருந்தால் சத்தம் சிதறுமாம். ஏணி போட்டு ஏறி நின்று தேய்த்துக்கொண்டிருந்தபோது மாடி வீட்டம்மா கீழே வந்தார்.

“சார், வீட்ல எல்லாரும் சௌக்கியமா?”

“சௌக்கியம்தான். ஏன்?”

“இல்ல, நீங்க ஜன்னல் துடைக்கிறீங்களேன்னு கேட்டேன்.”

“இது டெக்னிக்கல் வேலைம்மா. சொன்னா புரியாது.”

“அப்படியா சார்?” என்று சொல்லிவிட்டுப் போகாமல் கால் மணி நேரம் நின்று பார்த்தார்.

வியாழனன்று திரைச்சீலைகளைத் துவைத்தேன், எதிரொலி குறையும் என்று. வெள்ளியன்று பரண். அடுக்கி வைத்த காகிதம் ஒலியை உறிஞ்சிவிடும் என்று பழைய பயனர் எழுதியிருந்தார். இருபது வருஷத்து லிஃப்ட் பத்திரிகைகளை நானே என் கையால் இறக்கி, கட்டி, பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டுப் போட்டேன். அந்தக் கட்டை மனைவி தொட்டாலே நான் இரண்டு நாள் சாப்பிட மாட்டேன். பழைய பயனர் சொன்னால் விஷயம் வேறு.

மைக் அசையவில்லை. வீடு மட்டும் கண்ணாடியாக இருந்தது.

சனிக்கிழமை. கடைசி நாள். ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் நண்பர். திரையைப் பார்த்துக்கொண்டு காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எழுதினேன். ‘ஐயா, நான் பழைய பதிப்புக்குத் திரும்புகிறேன். மகள் என்னிடம் ஒன்று கேட்க வேண்டுமாம். இனி இந்தப் பக்கத்துக்கு வர முடியாது. இந்த ஒரு வாரம் நீங்கள் இருந்தீர்கள். மறக்க மாட்டேன்.’ ஒன்றே காலுக்குப் பதில் வந்தது. ‘மகள் கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். நானாக இருந்தாலும் போயிருப்பேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.’

பொத்தானை அழுத்தினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

ஞாயிறு பதினோரு மணிக்கு மைக் கணீரென்று வேலை செய்தது. மகள் போனைப் புது ஃப்ளாட்டின் லிஃப்டுக்குள் எடுத்துப் போனாள். மூன்றாவது மாடி தாண்டும்போது ஒரு ‘டக்’. கண்ணை மூடிக் கேட்டேன். இன்னொரு தரம் ஏறச் சொன்னேன்.

“கதவு ரோலர் தேஞ்சிருக்கு பாப்பா. பயம் இல்ல. மாத்திக் கொடுக்கச் சொல்லு. மாத்தினதும் அட்வான்ஸ் கொடு.”

“நீங்க சொன்னா சரிப்பா.”

என் காதில் அந்த வார்த்தை விழுந்து எத்தனை நாளாயிற்று! உற்சாகம் தாங்கவில்லை.

“அப்படியே கதவுப் பள்ளத்துல தூசி இருக்கான்னு பாரு. எல்லாத்துக்கும் காரணம் தூசிதான்.”

திரையில் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. என் பின்னால் மனைவிக்கு இருமல் வந்தது. ஆரோக்கியமான இருமல் இல்லை அது.

“தூசின்னா போதும், அப்பா ஏணி போட்டு ஏறிடுவார்னு அம்மா சொன்னா. நான் நம்பல” என்றாள் மகள்.

நான் மெதுவாகத் திரும்பினேன்.

“நீயா?”

“நான்தான்.”

“பழைய பயனர்?”

“கல்யாணம் ஆகி முப்பத்தோரு வருஷம் ஆச்சு. வேற என்ன பேர் வெச்சுக்கட்டும்?” என்றாள் மனைவி. “போன ஞாயித்துக்கிழமை நீங்க அந்தப் பக்கத்தை மூடாமயே குளிக்கப் போயிட்டீங்க. படிச்சேன். பாப்பா ஆபீஸ்லயும் இதைப் பரிசோதிக்கிறாங்களாம். அவகிட்ட சொல்லி ஒரு பேரும் பாஸ்வேர்டும் வாங்கினேன். நீங்க பேசினா யாருக்கும் கேக்கலைன்னு எழுதியிருந்தீங்க. ஃபேனைத் துடைங்கன்னு நானும் எத்தனை வருஷமா சொல்றேன்? எனக்கும் இதேதானே?”

ஆத்திரமாக வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ஆகப் பழைய பயனர் என்று ஒருத்தர் கிடையாது. நேற்று வரை எனக்கு ஒரு சிநேகிதர் இருந்தார், இப்போது இல்லை.

மகள் வைத்த பிறகு மனைவி பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“செவ்வாய்க்கிழமை நான் எழுதினது...” என்று இழுத்தேன்.

“பாத்ரூம்ல போய் நின்னு படிச்சேன். வெளியே வர அரை மணி நேரம் ஆச்சு. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“உன்கிட்ட எப்படிச் சொல்றது?”

“அதான் போன் பண்ணினேன், நீங்களே சொல்லுவீங்கன்னு. நீங்கதான் என் பதிலைப் படிக்கணும்னு என் போனையே வெச்சிட்டீங்க.”

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் எழுந்து சமைக்கப் போனாள். நான் கம்ப்யூட்டரை அணைத்தேன். அது ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை எட்டே முக்காலுக்கு அவள் போனாள். பேப்பரை மூன்று தடவை படித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மனைவியின் போனுக்காக மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சரியாக ஒரு மணிக்கு அடித்தது.

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு. நீ சாப்பிட்டியா? வேலை எப்படி? கூட்டமா? அப்புறம்...”

“ஒரு நிமிஷம் இருங்க. மாடி வீட்டம்மா கேட்டாங்க. அவங்க வீட்டுக்காரரும் ரிட்டயர் ஆகி நாள் முழுக்கத் தனியாத்தான் உக்காந்திருக்காராம். அவர் கம்ப்யூட்டர்லயும் அந்தப் புதுப் பதிப்பை நீங்க ஏத்திக் கொடுக்கணுமாம்.”

“அவர் புகார் எழுதினா பதில் யாரு போடுறது?”

“பழைய பயனர் பேரையும் பாஸ்வேர்டையும் உங்களுக்கு அனுப்பிட்டேன், போன்லயே எழுதலாம். இனிமே அது நீங்கதான்.”

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு மனுஷர் என் பதிலுக்காகக் காத்திருக்கப் போகிறார்! முப்பத்து நாலு வருஷ அனுபவம், அவ்வளவையும் கொட்டலாம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அவருக்கு முதலில் என்ன எழுதலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

“நீங்க ஒண்ணும் யோசிக்க வேணாம். என்னென்ன துடைக்கணும்னு பட்டியலை அந்தம்மா எழுதிக் கொடுத்துடுவாங்க, நீங்க டைப் அடிச்சா போதும்.”